மத்தியானச் சங்கு

கட்டபெட்டு
22.1.2001

அன்புள்ள கனகமணிக்கு,

நானும் பாப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அதில் பாதிதான் நிஜமாக இருக்கிறது. நான் நலம். மனிஷா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

பூத்திலிருந்து போன் பேசியிருக்கலாம். போன வாரம் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கம் நீ அழுதாய். இந்தப் பக்கம் நான் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பில் மட்டும் ஒழுங்காக வந்தது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழலாம்.

ஒன்பது மாசக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது என்ன பெரிய வேலை என்று உன் முன்னாலேயே சொன்னவன் நான். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாக்டரியில் டிரையர் முன்னால் நின்று மூட்டை மூட்டையாகத் தேயிலையைக் கருகாமல் காய வைத்து எடுக்கிறேன். ஒரு கிண்ணம் ராகிக் கூழைக் கட்டி தட்டாமல் கிண்ட வரவில்லை. சல்லடையில் போட்டுத் தேய்த்தேன். கூழ் சல்லடையோடு நின்றுகொண்டது, கட்டி கிண்ணத்தில் விழுந்தது. அது எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் வாயை வாங்கிக்கொள்வாள். என்னைப் பார்ப்பாள். அப்புறம் அவசரமே இல்லாமல் மொத்தத்தையும் வெளியே தள்ளுவாள், ஏலத்தில் விலை போகாத நம் தேயிலைத் தூள் திரும்பி வருகிற மாதிரி. பசியில் அழுகிறாளா, தூக்கத்திலா, பல் முளைக்கிறதா என்று ஒன்றும் பிடிபடுவதில்லை. எல்லா அழுகைக்கும் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தேன். அதில் வேறொரு சிக்கல் வந்துவிட்டது, அதை எழுத வேண்டாம்.

நீ திருப்பூர் போக வேண்டாம் என்று நான் சொன்னேன். அதை இப்போது சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிக்காட்டவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பால்வாடியில் ஜெஸிந்தா டீச்சர் பாப்பாவைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். முள் போன மாசம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கொஞ்சம்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அப்போதும் அங்கேயேதான் நின்றது. எப்போது, என்ன, எவ்வளவு கொடுக்கணும் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி


திருப்பூர்
28.1.2001

மாமாவுக்கு கனகமணி எழுதறது.

லெட்டரப் படிச்சு ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் புள்ள விழுந்து விழுந்து சிரிச்சா. உங்க ஊட்டுக்காரரு நல்லா எழுதறாருங்கறா. எனக்குச் சிரிப்பு வரலீங்க. தராசு முள்ளு கீழ எறங்குனத கடைசில, ஏதோ பஸ்ஸு லேட்டுங்கற மாதிரி எழுதியிருக்கீங்க. அத மொதல்ல எழுதோணும்.

போக வேண்டாம்னு சொன்னீங்க, நெசந்தான். வேற என்ன பண்றதுன்னு சொன்னீங்களா? பச்சை இலை விக்கற விலைக்கு பறிக்கற கூலியே கட்டலைன்னு அவனவன் செடிய அப்படியே உட்டுட்டான். பாக்டரில வேலை கொறையவும் தூள்ல நாரு பொறுக்கற எங்கள மாதிரிப் பொம்பளைங்களத்தான் மொதல்ல நிறுத்துனாங்க. உங்களுக்கும் எந்த நாள் வேலை, எந்த நாள் இல்லைன்னு தெரியாது. நா ஆசைப்பட்டு இங்க வந்து பனியனுக்கு நூல் பிசிறு வெட்டிட்டு இருக்கலை.

இப்ப நல்லாக் கேளுங்க. காலைல எந்திரிச்சு மொகம் கழுவி உட்டதும் ராகிக் கூழு. மாவ மொதல்ல பச்சத் தண்ணில கரைச்சுட்டு அப்பறம் அடுப்புல வைக்கோணும். கொதிக்கற தண்ணில மாவக் கொட்டுனா கட்டி தட்டாம என்ன பண்ணும்? கூழுக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல ஒண்ணும் வேண்டாம், கொதிச்சு ஆறுன தண்ணி மட்டும். பிஸ்கட்டக் கையில குடுத்துட்டு சோறு திங்கலைன்னு சொல்லக்கூடாது. மத்தியானம் சோறும் பாசிப்பருப்பும் கேரட்டும் ஒண்ணா வேக வெச்சுக் கையில மசிச்சு, ஒரு சொட்டு நெய்யி. மிக்சில அடிக்காதீங்க, அவளுக்கு இனி மெல்லத் தெரியோணும். சாயங்காலம் உருளைக்கெழங்கோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை மஞ்சக்கருவோ. தூங்கறதுக்கு முன்னால பசும்பால். வாழப்பழம் ஒண்ணு போதும், பூவன் குடுங்க.

தெனம் ஒரே நேரத்துக்குக் குடுக்கோணும். அதுதான் முக்கியம். அவ வயித்துக்கு அந்த நேரம் பழகோணும்.

இங்க எனக்குப் பால் கட்டிட்டு ரெண்டு நாள் காச்சல். ஹாஸ்டல் ஆயா மல்லியப்பூ வாங்கித் துணிக்குள்ள வெச்சுக் கட்டச் சொல்லுச்சு, பால் வத்திருமாம். எல்லாரும் தலைல வெக்கற பூவ நா நெஞ்சுல கட்டிட்டு வேலைக்குப் போறேன். இதுக்கும் ஏதாவது வேடிக்கை எழுதாதீங்க.

காரமடை வேலாமணி அக்கா போன் பண்ணுச்சு. அதுக்குக் கொழந்தை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். பாப்பாவ நா வெச்சுக்கறேன்னு கேக்குது. அடுத்த மாசத் தராசுலயும் முள்ளு ஏறலைன்னா சரின்னு சொல்லிட்டேன்.

கனகமணி


கட்டபெட்டு
6.2.2001

அன்புள்ள கனகமணிக்கு,

வேடிக்கை எழுத மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன், அது தானாக வேடிக்கையாகிவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

நீ எழுதினதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். ரெண்டு நாள் மூடுபனி. மூன்றாம் நாள் பார்த்தால் காகிதம் தரையில் கிடக்கிறது, மை கரைந்து ராகிக் கூழ் வரி சாயங்கால வரிக்குள் வழிந்து போயிருக்கிறது. பாப்பா ஒரு மூலையைத் தின்றிருந்தாள். அன்றைக்கு அவள் விரும்பிச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைப்பது பற்றி நீ சொன்னது சரி. இருபத்தெட்டு வயசில் ஒரு உண்மை தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரே நேரம் என்றாயே, அதுதான் நடக்கவில்லை. அடுப்பு ஈர விறகில் எப்போது பற்றும் என்று அதற்கே தெரியாது. கூழ் தயாராகும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது கூழ் பலகை மாதிரி இருக்கும். தூங்குகிறவளை எழுப்பி ஊட்டினேன். இலை வராமல் பாக்டரி ஓடாத நாளில் வீட்டில் வைத்து, இலை வந்த நாளில் பால்வாடியில் வைத்து, நின்றுகொண்டு, உட்கார்ந்துகொண்டு, காக்காயைக் காட்டி, என் மீசையைப் பிடிக்கக் கொடுத்து, எல்லாம் பார்த்தாச்சு. ஜெஸிந்தா டீச்சர் சொன்னார்: "ஏன் தம்பி, புள்ளைக்குச் சோறு குடுக்கறியா, சர்க்கஸ் காட்டறியா? அது உன்ன வேடிக்கை பாக்கவா, சோத்த முழுங்கவா?"

உங்கக்கா பெயரைப் படித்த அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை. அவர் நல்லவர், அவர் ஊட்டுக்காரரும் நல்லவர். அதுதான் பயமே. அங்கே நன்றாகச் சாப்பிட்டு, சிரித்து, அவரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

இனி நல்ல சேதி. வெள்ளிக்கிழமை இலை வந்தது. பாக்டரியில் மத்தியானச் சங்கு ஊதினதும் டிரையரை விட்டுப் பால்வாடிக்கு ஓடினேன். சங்கு அப்போதும் முழங்கிக்கொண்டுதான் இருந்தது. பாப்பா டீச்சர் மடியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தாள். யாரும் ஒன்றும் காட்டவில்லை, தானாகத் திறந்த வாய். நான் ஒரு உருண்டை வைத்தேன். முழுங்கினாள். கிண்ணம் காலி.

சனிக்கிழமையும் அப்படியே. அதனால் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். காலைச் சங்குக்குக் கூழ், மத்தியானச் சங்குக்குப் பருப்புச் சோறு, சாயங்காலம் வேலை முடிகிற சங்குக்குக் கிழங்கு. காலையும் சாயங்காலமும் பாதிக் கிண்ணம்தான். மத்தியானம் மட்டும் எப்போதும் முழுசு. பத்தாவது பெயிலான ஒருத்தன் கண்டுபிடித்தான் என்று உங்கக்காவிடம் சொல்.

வெள்ளியங்கிரி


திருப்பூர்
13.2.2001

மாமாவுக்கு,

அவ சாப்புட்டான்னு படிச்சதும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பறம் லெட்டர மடிச்சு வெச்சுட்டு வேலைக்குப் போய், கத்திரியக் கையில புடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். சூப்பர்வைசர் வந்து ஏம்மா தூங்கறியான்னு கேட்டாரு.

அது உங்க கண்டுபிடிப்பு இல்லீங்க.

தூள் பொறுக்கற வேலைல இருந்தப்ப மத்தியானச் சங்கு ஊதுனதும் நாந்தான் பால்வாடிக்கு ஓடியாருவேன். வாசப்படில உக்காந்து பால் குடுத்துட்டு, டீயக் கூடக் குடிக்காம திரும்பி ஓடுவேன். அந்த நேரம் நீங்க டிரையர் முன்னால இருப்பீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். வேலைய உட்டு நிறுத்துன பொறகும் ஊட்டுல அந்தச் சங்குக்குத்தான் குடுத்துட்டு இருந்தேன், பழக்கம். சங்கு ஊதுனா அம்மா வருவான்னு அவ வாயத் தொறக்கறா. நீங்க அதுல பருப்புச் சோத்த வெச்சுட்டீங்க.

தப்புச் சொல்லலை. எதுக்காகத் தொறந்தா என்ன, வயித்துக்குப் போனாச் சரி. ஆனா அவ இன்னும் வாசலத்தான் பாத்துட்டு இருக்கான்னு தெரிஞ்சப்பறம் எனக்கு இங்க கை ஓடலை.

இன்னொண்ணு. வாரத்துல எத்தன நாள் சங்கு ஊதுது? பாக்டரி ஓடாத அன்னிக்கு என்ன பண்றீங்க? எல்லாத்தையும் கொண்டுபோய் அந்த பாக்டரி மேலயே கட்டறீங்க. என்னைய நம்பவெச்சு நிறுத்துன அதே பாக்டரிதான்.

பால் வத்திருச்சு. பூவும் கட்டறதில்ல இப்ப.

கனகமணி


கட்டபெட்டு
26.2.2001

அன்புள்ள கனகமணிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டிலும் வேடிக்கையாக ஏதோ ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை, கிழித்துப் போட்டேன்.

நீ ஓடி வந்ததெல்லாம் எனக்குத் தெரியாது. நூறு அடி தள்ளித்தான் நின்றிருக்கிறேன்.

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. கிடங்கு நிறைய தூள் விற்காமல் கிடக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்வரை பாக்டரி ஓடாது என்று கேட்டில் ஒட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள், மூடுபனியில் விழவே இல்லை.

முதல் நாள் மத்தியானம் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். சங்கு இல்லை. நான் வாயைத் திறந்து காட்டினேன். அவளும் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். காலைக் கூழ் கொஞ்சம் போகிறது, பால் போகிறது. சோறு மட்டும் போவதில்லை. இரண்டு வாரத்தில் ஏறின முள் அப்படியே நிற்கிறது, இறங்கவும் தயாராக இருக்கிறது. நேற்று எனக்குக் கோபம் வந்து கிண்ணத்தைச் சத்தமாகக் கீழே வைத்துவிட்டேன். அவள் அழவில்லை, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். உன் உதடு. அப்புறம் நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பாக்டரி எலக்ட்ரீஷியன் சில்வஸ்டர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். சங்குப் பொத்தான் இருக்கும் ரூம் சாவி அவரிடம்தான் இருக்கிறது. "அண்ணா, மத்தியானம் ஒரே ஒரு அழுத்து. பாப்பா ஒரு வாய் வாங்கினதும் நிறுத்திரலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கேப்ப. நானும் அழுத்துவேன். மேல லைன் வீடுகள்ல இருக்கறவங்க, கீழ தோட்டக்காரங்க எல்லாம் பாக்டரி தொறந்துருச்சுன்னு வந்து நிப்பாங்க. பாப்பாவுக்குச் சோறு ஊட்டறோம், நீங்க ஊட்டுக்குப் போங்கன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சாவியைக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். உங்கக்காவிடம் இன்னும் ஒரு மாசம் பொறுக்கச் சொல்.

வெள்ளியங்கிரி


திருப்பூர்
3.3.2001

மாமாவுக்கு,

அக்கா பொறுக்க மாட்டேங்குது. எனக்கும் சொல்ல வாய் வரலை. ஒம்பதாந் தேதி வெள்ளிக்கெழமை வருது. பாப்பா துணியெல்லாம் தொவைச்சு வையுங்க. கம்பளிக் குல்லா வேண்டாம், காரமடைல வெயிலு.

கோபப்படாதீங்க. உங்க மேல கொறை சொல்லி இத முடிவு பண்ணலை. புள்ள உசுரோட நல்லா இருக்கோணும். அது யாரு கையில சாப்புட்டா என்ன.

கனகமணி


கட்டபெட்டு
12.3.2001

அன்புள்ள கனகமணிக்கு,

உங்கக்கா உன்னைப் பார்த்து எல்லாம் சொல்லியிருக்கலாம், இல்லை சொல்லப் போகலாம். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னால் நான் பைத்தியம் மாதிரித் தெரியும். நான் சொன்னாலும் அப்படித்தான் தெரியும், ஆனால் கொஞ்சம் மரியாதையாக.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். துணிகளைத் துவைத்துப் பையில் வைத்திருந்தேன். குல்லாவையும் வைத்தேன், நீ வேண்டாம் என்று சொல்லியும். மத்தியானம் ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கிளம்புகிறேன் என்று உட்கார்ந்தார். எவ்வளவு அழகாக மசித்தார் தெரியுமா, நெய் வாசம் வாசல்வரை வந்தது. பாப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் கொஞ்சினார், பாடினார். வாய் இறுகிப் போச்சு. உங்கக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங் மாப்ள, என் கையிலயும் வாங்க மாட்டேங்கறா" என்றார்.

எனக்கு அந்த நேரம் ஒன்றுதான் தோன்றியது. இப்படியே பஸ் ஏறினால் அங்கேயும் பட்டினிதான் கிடப்பாள். சாப்பிட வைத்தால் அங்கே போய்விடுவாள். ரெண்டில் எது வேண்டும் எனக்கு? சாப்பிடட்டும் என்று நினைத்தேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

காலிப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அதற்குள் வாயை வைத்துச் சங்கு மாதிரிக் கத்தினேன். முதலில் அடித்தொண்டை, அப்புறம் ஏற்றி, அப்படியே இழுத்து. டிரையர் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகின தொண்டை. வாசல் கதவு வேறு திறந்து கிடந்தது.

பாப்பா திரும்பினாள். வாய் திறந்தது. "வையுங்க, இப்ப வையுங்க" என்று குடத்துக்குள்ளிருந்தே சொன்னேன். உங்கக்கா வைத்தார். முழுங்கினாள். நான் மறுபடி மூச்சை இழுத்துக் கத்தினேன். மூன்றாவது கத்தலுக்கு வாசலில் ஆள்.

முதலில் சில்வஸ்டர் அண்ணன், கையில் சாவிக்கொத்தோடு, யாரோ சங்கு ரூம் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று ஓடி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மேல் லைன் பெண்கள் நாலைந்து பேர், ரெண்டு பேர் வேலைக்குத் தலைத்துணி கட்டியாச்சு. கடைசியாகக் கீழ்த் தோட்டத்துச் சுப்பண்ணன். பாவம், வேறு பாக்டரிக்குக் கொண்டுபோக வைத்திருந்த இலை மூட்டையை அப்படியே முதுகில் போட்டு மேடேறி வந்துவிட்டார்.

"பாக்டரி தொறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் குடத்தை இறக்கினேன். சுப்பண்ணன் மூட்டையை இறக்காமல் என்னையும் குடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்போது பாப்பா தொடையில் தட்டினாள். வாய் திறந்தபடியே இருக்கிறது, உருண்டை வரவில்லை, அந்தக் கோபம். சுப்பண்ணன் மூட்டையை இறக்கி அதன் மேல் உட்கார்ந்தார். "உடு, அது சாப்புடட்டும். வந்ததுக்கு அதையாச்சும் பாத்துட்டுப் போறேன்" என்றார். அத்தனை பேரும் நின்று பார்க்க, கிண்ணம் காலியாச்சு.

முடிந்ததும் பாப்பா அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரையும் பார்த்துவிட்டு, அவர்களைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். உங்கக்கா அதைப் பார்த்தார். கிளம்பும்போது பையை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார். "இவளக் கூட்டிட்டுப் போனா நானும் தெனம் குடத்துல கத்தோணும். எங்க வீதில அது ஆகாதுங் மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது தினமும் மத்தியானம் கத்துகிறேன். மேல் லைனில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் உலை வைக்கிறார்களாம். நேற்றுக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சில்வஸ்டர் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி "லேட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாக்டரி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எத்தனை நாளைக்குக் கத்துவது என்று அதைவிடத் தெரியவில்லை.

வெள்ளியங்கிரி


திருப்பூர்
19.3.2001

மாமாவுக்கு,

நேத்து அக்கா ஹாஸ்டலுக்கு வந்துச்சு. பாக்க வர்றவங்க உக்கார்ற ரூம்புல வெச்சு எல்லாம் சொல்லுச்சு. சொல்லுச்சா, சொல்லிட்டே இருந்துட்டு, மாப்ள இப்படித்தான் கத்துனாருன்னு கையக் குவிச்சு வாயில வெச்சு அந்தச் சங்கு மாதிரியே கத்திக் காட்டுச்சு. அங்க இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டே இருக்கறப்ப முன்னால ஜாக்கெட் நனைஞ்சு போச்சு.

வத்திருச்சுன்னு உங்களுக்கு எழுதுனது பொய் இல்லீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அக்கா பாத்துட்டு அதோட முந்தானைய எடுத்து என் மேல போத்தி உட்டுச்சு. வாங்கி வெச்ச டீ ஆறிப் போச்சு.

சூப்பர்வைசருகிட்டக் கேட்டேன். ஆர்டர் நிக்குது, லீவு இல்லைன்னுட்டாரு. ஞாயித்துக்கெழமை எனக்கு எப்படியும் லீவுதானுங்க சார்னு சொன்னேன். மொதல் பஸ்ஸப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்போணும். திங்கக்கெழமை மேசைல இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அதனால தங்கச் சொல்லிக் கேக்காதீங்க, கேட்டா சண்டை வந்துரும்.

தொண்டைக்கு மொளகு போட்டுக் கசாயம் வெச்சுக் குடிங்க. மாவு பச்சத் தண்ணிலதான் கரைக்கறீங்களா?

ஞாயித்துக்கெழமை மட்டும் சங்கு ஊத வேண்டாங்க. கதவத் தொறந்து வெச்சுட்டு அவள மடில வெச்சு உக்காந்திருங்க.

கனகமணி